ஆடி மாதத்தில் விற்ற கார்

பழைய கார் விற்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் என்னைத் தேடி வீட்டுக்கே வருகிறார்கள். நான் கார் வியாபாரி இல்லை. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜப்தி செய்கிற அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் என் தலை தெருமுனையில் தெரிந்தாலே கதவைச் சாத்திக்கொண்டவர்கள், இப்போது ராஜபாளையத்தில் நான் குடியிருக்கும் சந்துக்குள் விசாரித்துக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, ஒரு யோசனை" என்று உட்காருகிறார்கள். காபியும் குடிக்கிறார்கள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வரும்போது மனதில் என்ன நினைத்துக்கொண்டு வந்தார்களோ அதையே போய்ச் செய்கிறார்கள்.

போன வாரம் வந்தவன் கார்த்திக். என் இடத்துக்கு வந்திருக்கும் புது அமீனா. வெளியாள் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஜப்தி செய்கிறவனே இப்படி இருந்தால் என்ன செய்வது?

"காரை வித்துட்டேன் சார். பேரு மாத்துறது இப்ப எல்லாம் ஆன்லைன்தான். நம்ம போனுக்கு ஓ.டி.பி. வரும். அதச் சொன்னா முடிஞ்சுது. அம்புட்டுதான்" என்றான்.

"யாருகிட்டச் சொல்லணும்?"

"புரோக்கர்கிட்ட."

"வண்டி எங்க இருக்கு?"

"குடுத்தாச்சு சார். நல்ல மனுசன். பேரு மாத்துறத அவரே பாத்துக்கிடுதேன்னுட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் காபியை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். 'நல்ல மனுசன்' என்ற இரண்டு சொற்களை நம்பி வீட்டை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வீட்டுச் சுவரில் ஜப்தி உத்தரவை ஒட்டியது நான்தான். கார்த்திக்குக்கு அன்றைக்குச் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன். அவன் படிப்பான் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

முதலில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, காத்துக் கிடந்து, சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிறவனாகச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் சைக்கிள், பிறகு மொபெட். மம்சாபுரம், வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, சேத்தூர், தளவாய்புரம் என்று அலைந்ததில் செருப்பும் முதுகும் தேய்ந்தன. நாய் கடித்திருக்கிறது. ராஜபாளையத்துக்காரன் என்பதால் எந்த நாய் என்று எல்லோரும் ஆசையாகக் கேட்பார்கள், சாதாரணத் தெருநாய்தான். வீட்டுக்காரரே வாசலில் நின்றுகொண்டு, "அவிய ஊர்ல இல்லையே" என்று தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுப் பழகினேன். பிறகு அமீனா ஆனேன். சம்மன் கொண்டு வருகிறவனைக் கண்டால் மனிதர்களுக்கு எரிச்சல். அமீனாவைக் கண்டால் பயம். சம்பளத்தைத் தவிர மாறியது அவ்வளவுதான்.

அமீனாக்களுக்கு மேலதிகாரி நாஜர். கோர்ட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு உத்தரவும் அவர் மேசை வழியாகத்தான் போகும். நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் அங்கேயே திரும்பி வரும். எங்கள் நாஜர் சங்கரலிங்கம் சார் ஒல்லியான மனிதர். யாரையும் அதட்டமாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். நாங்கள் எழுதிக்கொண்டு வரும் அறிக்கையைக் கையில் வாங்கமாட்டார். "வாசி" என்பார். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிடிக்காத இடம் வந்ததும் கண்ணைத் திறப்பார். அந்தக் கண் திறப்பு எங்களுக்குத் திட்டுவதைவிடப் பயம்.

அமீனாவான புதிதில் வ. புதுப்பட்டியில் ஒரு கிணற்று மோட்டாரை ஜப்தி செய்து வந்து, 'வீட்டுப் பெண்மணி கதறி அழுதார்' என்று எழுதியிருந்தேன். கண் திறந்தது.

"அழுதது கோர்ட்டு டிகிரியில இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அறிக்கைல எதுக்கு? கதவத் திறந்தது யாரு, பொருள் எந்தப் பக்கம் இருந்துச்சு, சாட்சி யாரு, எதுவும் மறுப்புச் சொன்னாங்களா. இதுக்கு மேல நீ எழுத வேண்டாம். நீ கோர்ட்டுக்குக் கண்ணு மட்டும்தான்."

அடிமட்டத்தை வைத்து நேராகக் கோடு போட்டு அந்த வரியை அடித்தார். அந்தக் கோட்டுக்காகவே அவரைப் பல வருஷம் வெறுத்தேன். இப்போதும் வெறுப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்னதைப் பழகிக்கொண்டேன். அதனால்தான் கண்ணில் பட்டதெல்லாம் இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

இனி சட்டம். இதை நான் வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரு கார் ஒருவரை இடித்துக் கொன்றுவிட்டால் செத்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும். காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். இன்சூரன்ஸ் காலாவதியாகிக் கிடந்தால் காரின் உரிமையாளர் கட்ட வேண்டும். உரிமையாளர் யார்? பணம் கொடுத்து வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பெட்ரோல் போட்டு ஓட்டுகிறவர் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். சட்டம் அப்படி நினைக்காது. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விற்றுவிட்டேன், பணம் வாங்கிவிட்டேன், அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தே காலமாகிவிட்டது என்று நீங்கள் கூண்டில் நின்று சொல்லலாம். சொல்வதை எழுதிக்கொள்வார்கள்.

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற பஞ்சு வியாபாரி ஒருவர் இருந்தார். கார் விற்றபோது முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு காரைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "பேரு மாறட்டும், பொறவு சாவி தாரேன்" என்று ஒரே பிடி. வாங்கியவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் வைத்துக்கொண்ட கருமி என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். அவர் வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு தானே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போட்டார், புது ஆர்.சி.யில் வேறு பேரைப் பார்த்த பிறகுதான் சாவியை நீட்டினார். அவர் வீட்டுக்கு நான் ஒருநாளும் போக நேரவில்லை. சிரித்தவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

வீட்டை இழந்தவர் மம்சாபுரம் ரிட்டயர்ட் ஹவில்தார் ஞானராஜ். அவர் அந்த வியாபாரியைப் போலக் கறாரானவர் இல்லை. மரியாதை தெரிந்தவர். அதுதான் அவருக்கு வினையாயிற்று.

அவருக்கு நஷ்டஈட்டு வழக்கின் சம்மனைக் கொண்டுபோனவனும் நான்தான். அன்று சம்மன் ஆள் லீவில் இருந்தான், அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போன என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ராணுவத்தில் வாங்கிய பணத்தை எல்லாம் போட்டுக் கட்டிய புது வீடு. முகப்பில் சிமெண்டில் ஒரு சிலுவை, தேக்குக் கதவு, அளந்து வைத்தது போல வரிசையாகச் செடிகள். என் சர்வீஸில் சம்மனைக் கண்டதும் கதவை அகலத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த மனிதர்கள் மிகக் குறைவு. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி முழுவதையும் படித்தார். கையெழுத்துப் போட்டு, நான் கேட்காமலே தேதியும் நேரமும் எழுதினார். பிறகு சிரித்தார்.

"நான் அந்தக் காரை வித்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு அண்ணாச்சி. எங்கயோ தப்பு நடந்து எம் பேரு வந்திருக்கு. வந்து சொன்னாச் சரியாப் போகும்ல?"

"வித்தப்ப பேரு மாத்துனீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் மனைவி கிரேஸ் அக்கா காபி டம்ளரோடு வந்தவர் அப்படியே நின்றார். "அது ஆடி மாசம்லா" என்றார்.

நடந்தது இதுதான். காரை வாங்க வந்தவர் தளவாய்புரம் முருகேசன். நைட்டி தைத்துக் கொடுக்கிற தொழில், மூட்டைகளைக் கொண்டுபோகக் கார் வேண்டும். மனைவியையும் கூட்டி வந்தார். விலை பேசி, முழுத் தொகையையும் அன்றைக்கே கையில் கொடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. ஞானராஜ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொடுக்கிற படிவங்களை வாங்கித் தயாராக வைத்திருந்தார். விற்பவர் கையெழுத்து, வாங்குபவர் பேர், விலாசம், விற்ற தேதி எல்லாம் அதில் எழுத வேண்டும். பேனாவை எடுத்தபோது முருகேசனின் மனைவி தடுத்தார்.

"ஆடில வண்டிய எங்க பேருக்கு எழுத வேண்டாம்ணே. ஆவணி பொறக்கட்டும்."

முருகேசனும் சேர்ந்துகொண்டார். "நீங்க கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க. பேரு, தேதியெல்லாம் ஆவணில நல்ல நாள் பாத்து நாங்களே எழுதிக்கிடுதோம்."

ஆடியில் பேர் எழுதக்கூடாது. ஆனால் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். அதில் மூட்டை ஏற்றலாம், சங்கரன்கோவில் வரை போய் வரலாம். அதற்கெல்லாம் ஆடி குறுக்கே நிற்கவில்லை. இதை அன்றைக்கு அந்த வீட்டில் யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஞானராஜ் கேட்கவில்லை. அவர் தேவாலயத்துக்குப் போகிறவர், அவருக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது. அதனாலேயே கேட்கக் கூச்சப்பட்டார்.

"அவிய நம்பிக்கை அவியளுக்கு. அதுல நாம போய் மறிச்சுப் பேசுனா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் என்னிடம்.

ஆதார் நகல் கேட்க வாயெடுத்தாராம். "என்னண்ணே, நம்ப மாட்டீங்களா?" என்று முருகேசன் சிரித்திருக்கிறார். அதோடு அதையும் விட்டுவிட்டார். நம் ஊரில் ஒரு மனிதனின் வாயை அடைக்க இந்த ஒரு கேள்வி போதும். காருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுவான், டயரை உதைத்துப் பார்ப்பான், பானெட்டைத் திறந்து மூக்கை நுழைப்பான். ஆனால் நம்ப மாட்டீங்களா என்று கேட்டுவிட்டால் கூசிப்போய் வெற்றுத்தாளில்கூடக் கையெழுத்துப் போடுவான்.

ஆவணி வந்தது. போன் செய்தபோது முருகேசன் மச்சினன் கல்யாண வேலையில் இருப்பதாகச் சொன்னார். புரட்டாசியில் அவர் மனைவிக்கு மனமில்லை. கார்த்திகையில் மாலை போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். தையில் ஞானராஜுக்கே கேட்க வெட்கமாகிவிட்டது. அதற்குள் முருகேசன் பெரிய வேன் வாங்கி, காரை ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டிருந்தார், கையெழுத்துப் போட்ட படிவங்களோடு சேர்த்து. புரோக்கர் வேறொருவருக்கு விற்றார். அவர் இன்னொருவருக்கு. யாரும் தங்கள் பேரை எழுதவில்லை. எழுதினால் வண்டி இரண்டு கை, மூன்று கை மாறியதாக ஆகிவிடும், விலை இறங்கும். எழுதாமல் விட்டால் 'சிங்கிள் ஓனர், மிலிட்டரிக்காரர் வண்டி' என்று சொல்லி விற்கலாம். ஞானராஜின் நல்ல பேரும் காரோடு சேர்ந்து விலை போயிருக்கிறது. இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைசியாக அந்தக் காரை ஓட்டியவன் கைவசம் ஒன்றும் இல்லாத ஒரு இளைஞன். வேலை முடிந்து சைக்கிளில் வ. புதுப்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முத்துராஜ் என்ற கொத்தனாரைப் பின்னாலிருந்து இடித்தான். முத்துராஜ் அந்த இடத்திலேயே இறந்தார். மனைவி பேச்சியம்மாள், இரண்டு பெண் பிள்ளைகள்.

வழக்கு நடந்தது. ஞானராஜ் வாய்தா ஒன்றுகூடத் தவறாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். முருகேசனும் சாட்சி சொன்னார். பொய் சொல்லவில்லை. "வாங்குனேன். வித்துட்டேன். இப்ப யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் ஞானராஜைப் பார்த்து வணக்கமும் வைத்துவிட்டுப் போனார். காருக்குள் கிடைத்த, பேரும் தேதியும் இல்லாத அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியவில்லை. விற்றதும் பதினாலு நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. ஆர்.சி. அவர் பேரில். தீர்ப்பும் அவர் பேரில் வந்தது. முருகேசன்மேல் தனியாக வழக்குப் போட்டு வசூலித்துக்கொள்ளலாம் என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். அதற்கு இன்னும் எத்தனை வருஷம் என்று ஞானராஜ் கேட்டபோது வக்கீல் கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போனார்.

தீர்ப்புப் பணம் அவரிடம் இல்லை. பென்ஷனைச் சட்டம் தொடவிடாது. வீட்டைத் தொடலாம். பேச்சியம்மாளின் வக்கீல் வீட்டை ஜப்தி செய்ய மனுப் போட்டார். உத்தரவு நாஜர் மேசைக்கு வந்து, அங்கிருந்து என் கைக்கு வந்தது.

"சார், இத வேற யாருக்காவது குடுங்களேன்" என்றேன். என் சர்வீஸில் அப்படிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சங்கரலிங்கம் சார் தலை நிமிரவில்லை. "மம்சாபுரம் யாரு ரூட்டு?"

"என் ரூட்டுதான்."

"வேற ஆளு போனா வாசல்ல நின்னு அதட்டுவான். நீ அதட்ட மாட்ட. போயிட்டு வா."

வீட்டை ஜப்தி செய்வதென்றால் பூட்டுப் போட்டுச் சாமானை வெளியே எறிவது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் அப்படி இல்லை. இந்த வீட்டை இனி விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, யாரும் வாங்கவும் கூடாது என்ற உத்தரவை வீட்டின் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும். தெருவறியத் தண்டோரா போட வேண்டும். நான்கு எல்லைகளையும் சரிபார்த்து எழுத வேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். பிறகுதான் ஏலம். சாமானை எறிவதைவிட இது பரவாயில்லை என்று தோன்றும். அப்படித் தோன்றினால் உங்கள் தெருவில் தண்டோரா போட்டதில்லை என்று அர்த்தம்.

நானும் தண்டோராக்காரரும் போனபோது ஞானராஜ் வாசலில் காத்திருந்தார். தண்டோரா சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அடித்து முடிக்கும்வரை அவர் கைகளை உடம்போடு ஒட்டி நேராக நின்றார். நான் பசை டப்பாவைத் திறந்தேன்.

"கதவுல வேண்டாம் அண்ணாச்சி. வார்னிஷ் போயிரும். சுவத்துல ஒட்டுங்க" என்றார் மெதுவாக.

கிரேஸ் அக்கா உள்ளேயிருந்து வந்தார். அவர் கண் சிவந்திருந்தது, குரல் நிதானமாக இருந்தது. "கதவுலயே ஒட்டட்டும். வீடே போகப் போகுது, இனி யாருக்கு வார்னிஷ்? ஆடி மாசத்த மதிச்சுக் கையெழுத்துப் போட்டீகள்லா, இப்ப கதவ மதிக்கீகளாக்கும்."

நான் சுவரில் ஒட்டினேன். சாட்சிக் கையெழுத்துப் போட அண்டை வீட்டுக்காரர்கள் வர மறுத்தார்கள். ஞானராஜே போய் இரண்டு பேரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

மறுநாள் நின்றுகொண்டு அறிக்கையை வாசித்தேன். 'வீட்டுக்காரர் ஒத்துழைத்தார்' என்ற இடத்தில் நாஜரின் கண் திறந்தது.

"ஒத்துழைச்சார்னா மனசோட குடுத்தார்னு ஆயிரும். அப்படிக் குடுத்தாரா?"

"இல்ல சார்."

"மறுப்பு எதுவும் சொல்லலன்னு எழுது." கோடு போட்டார். போட்டுவிட்டு அடிமட்டத்தைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேச்சியம்மாள்மேல் படலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வந்து கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்த மிலிட்டரிக்காரர் வீடு எப்ப அண்ணாச்சி ஏலத்துக்கு வருது?"

"தெரியலம்மா. தேதி போடுவாங்க."

"அவிய இடிக்கலன்னு எனக்கும் தெரியும். கூண்டுல நிக்கையில அவிய மொகத்தப் பாத்தேன். ஆனா இடிச்சவன்கிட்ட ஒண்ணுமில்லங்காக. வச்சிருந்தவன யாருன்னே தெரியலங்காக. அப்ப எம் பிள்ளைகளுக்கு யாரு அண்ணாச்சி?"

அவரும் நியாயம், இவரும் நியாயம். நியாயமில்லாதவர்கள் யாரும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கவில்லை. முருகேசன் தளவாய்புரத்தில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். புரோக்கர் வேறு கார் விற்றுக்கொண்டிருந்தார்.

ஏலம் வரை போகவில்லை. ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விடும் என்று, கோர்ட்டில் அனுமதி வாங்கி ஞானராஜே வீட்டை விற்றார். வாங்கியவர் பணத்தை நேராகக் கோர்ட்டில் கட்டினார். பேச்சியம்மாளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. மிச்சத்தில் புது வீடு கட்ட வழியில்லை. கணவனும் மனைவியும் ராஜபாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தார்கள். முருகேசன்மேல் வழக்குப் போடச் சொல்லி நானே சொன்னேன். "இனி ஒரு கோர்ட்டு வாசல மிதிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார் ஞானராஜ். அதன்பிறகு சீக்கிரமே நானும் ஓய்வு பெற்றேன்.

ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து அந்தக் கார் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்திருக்கிறது. குற்ற வழக்கும் முடிந்துவிட்டதால் உரிமையாளர் வந்து வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. உரிமையாளர் இன்னமும் அவர்தான்.

"வீடு போச்சு. கார் திரும்பி வந்திருக்கு அண்ணாச்சி. கூட வாரீகளா?" என்றார்.

போனேன். முன்பக்கம் நொறுங்கி, சக்கரங்கள் மண்ணில் புதைந்து, சீட்டுக்குள் புல் முளைத்திருந்தது. ஓட்டுவதற்கு இல்லை. ஒரு லாரியில் ஏற்றி ராஜபாளையத்தில் பழைய இரும்புக்கடை ஒன்றுக்குக் கொண்டுவந்தோம். கடைக்காரர் எடை போட்டுப் பார்த்துவிட்டு, பேனாவையும் ஒரு தாளையும் நீட்டினார்.

"ஒரு கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போங்க சார். ஆர்.சி. கேன்சல் பண்றதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்."

ஞானராஜ் பேனாவை வாங்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அங்கே கிடந்த ஒரு டயரைப் புரட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"வெட்டுங்க. நான் இருந்து பாக்கேன்."

"வேல நாளைக்கும் இழுக்கும் சார்."

"நாளைக்கும் வாரேன்."

வந்தார். இரண்டு நாளும் கூரையில்லாத அந்தக் கடையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவுகள் போயின, கூரை போனது, எஞ்சின் தனியாக வந்தது. வண்டியின் அடிச்சட்டத்தில் சாசி எண் அடித்திருக்கும் இடத்தை வெட்டிக் காட்டினால்தான் ஆர்.டி.ஓ. ஆபீசில் பேரை நீக்குவார்கள். அந்த இரும்புத் துண்டை மட்டும் கேட்டு வாங்கி, தலையில் கிடந்த துண்டில் சுற்றிக்கொண்டார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக இரண்டு பேரும் பஸ் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. பொட்டலத்தை அவர் கைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துப் பிடித்திருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர், அதில் இரும்பு தட்டுப்படுவதைப் பார்த்து நின்றார்.

"பெரியவரே, அது என்ன? லக்கேஜா?"

ஞானராஜ் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்.

"கார்" என்றார். "எம் பேர்ல இருக்கு."